மண்ணை முகர்கிறவர்

மண்ணைக் கையில் எடுத்து அவர் முகர்ந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அலுவலகத்தில் அவருக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. எல்லோருக்கும் அவர் மூக்கர். நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதையாக மூக்கர் அண்ணன்.

பூமிக்கடியில் பழைய எண்ணெய்க் குழாய் ஓடும் இடங்களில் அவருடைய அலுவலகம் துளை போட்டுப் பார்க்கும். மீட்டர் மீட்டராக மண் ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் நீளமாக மேலே வரும். மூக்கர் அதைக் கத்தியால் நெடுக்குவாக்கில் கீறி, ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோவார். எண்ணெய் இருக்கிறதா, டீசலா, மண்ணெண்ணெயா, புதிதா பழையதா என்று சொல்வார். பரிசோதனைக்கூடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வந்த மண் முழுவதையும் அங்கே அனுப்ப முடியாது. அவர் கைகாட்டிய துண்டு பரிசோதனைக்குப் போகும். மிச்சம் ஜாடிகளில் அடைபட்டுக் கிடங்குக்குப் போகும்.

மண்ணை யாரும் முகரக் கூடாது, உடம்புக்குக் கெடுதல் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அவருடைய குழுவுக்குப் பொறுப்பான இன்ஜினியர் அதை அவரிடம் காட்டியபோது மூக்கர் பொறுமையாகப் படித்துவிட்டு, "நான் வேணும்னு முகரல மேடம். மூச்சு விடும்போது அதுவா வந்து நிக்குது" என்றார். இன்ஜினியர் சிரித்துவிட்டாள். அவருடைய வயதில் பாதியைச் சற்றே தாண்டியவள். தான் மட்டும் சுற்றறிக்கைப்படி முகமூடியைக் கழற்றாமல் வேலை செய்வாள்.

இந்த முறை வேலை ஒரு குடியிருப்புத் தெருவில். வீடுகளின் பின்சுவர்களை ஒட்டி, துறைமுகத்திலிருந்து சேமிப்புக் கிடங்கு வரைக்கும் ஒரு குழாய் புதைந்திருந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் போன குழாய். அதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. நிறுத்துவதற்கு முன்பே துருப்பிடித்து, ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள் விழுந்து, கசிந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெருவின் மேற்கு முனையில் இரண்டு கிணறுகளில் எண்ணெய் மிதந்ததால்தான் இந்த விசாரணையே தொடங்கியது. எண்ணெய் எதுவரை வந்திருக்கிறது என்று மேற்கிலிருந்து வீடு வீடாகத் துளை போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசித் துளை ஒரு தையல்காரியின் கொல்லையில். அது சுத்தமாக இருந்தால் அவள் வீட்டுச் சுவருக்கு முன்னால் வரைபடத்தில் கோடு கிழித்துவிடுவார்கள். அதற்கு இந்தப் பக்கம் யாரும் திரும்பி வந்து பார்க்கப்போவதில்லை. அவளுடைய கிணற்றிலிருந்துதான் அவள் வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் மோட்டார் வைத்துக் குடிதண்ணீர் போயிற்று.

தையல்காரி கழுத்தில் அளவு டேப்போடு வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாதி தைத்த பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்திருந்தன. ரிக் என்கிற துளை போடும் இயந்திரத்தை, அதை ஓட்டுகிற ரிக்கார் நிறுத்தி, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "செடி ஒண்ணும் சாகலம்மா. அந்தக் கறிவேப்பிலையை மட்டும் லேசா இடிச்சேன்" என்றார்.

"லேசா இடிச்சீங்களா? அது படுத்தே போச்சு."

"எழுந்துடும். நானும் தினம் அப்படித்தான் எழுந்துக்கறேன்."

மூக்கர் மேல் மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து நான்காவது மீட்டரைக் கீறினார். நல்ல பழுப்பு நிற மணல். எண்ணெய் ஊறிய மண்ணில் வழக்கமாகத் தெரியும் சாம்பல் பச்சைக் கறை இல்லை. எண்ணெய் ஆவியை அளக்கும் மீட்டரை அருகில் பிடித்தார். முள் பேருக்கு ஆடிவிட்டு உட்கார்ந்தது. பழைய எண்ணெய்க்கு அந்த முள் அவ்வளவாக அசையாது, கடைசி வார்த்தை எப்போதும் மூக்குதான். ஒரு துண்டை எடுத்து நசுக்கி முகர்ந்தார். ஈர மணல். அவ்வளவுதான்.

"சுத்தம்" என்றார்.

"என்ன சார் சுத்தம்?" தையல்காரி படியிறங்கி வந்தாள். "பழைய ஸ்டவ் மாதிரி வாசனை வருதே."

"அது ரிக்கோட டீசல்மா."

"மெஷின் நின்னு அரை மணி ஆச்சு."

"காத்துல நிக்கும்."

"இப்பத்தான் வருது. நீங்க அந்தப் பிளாஸ்டிக்கைக் கிழிச்சதும் வந்துது."

மூக்கர் சிரித்தார். அந்தத் தெருவில் இது அவருக்குப் பழகிப்போன விஷயம். இரண்டு கிணற்றில் எண்ணெய் என்ற செய்தி பரவிய நாளிலிருந்து தலைவலி, தும்மல், பால் திரிந்தது எல்லாவற்றுக்கும் குழாய்தான் காரணம் என்றாகிவிட்டிருந்தது. "பயம் வந்துட்டா எல்லாத்துலயும் வாசனை வரும்மா" என்றார்.

"என் மூக்கும் மூக்குதான் சார். துணி தீயறது எனக்கு அடுத்த தெருவுலேர்ந்தே தெரியும்."

இன்ஜினியர் ரிக்காரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "என்னைக் கேக்காதீங்க. எங்க வீட்டுச் சோறே எனக்கு டீசல் வாசனைதான்."

"ஜாடியில போட்டுக் குலுக்கிப் பார்த்துடலாமா அண்ணே?" என்று இன்ஜினியர் கேட்டாள். மண்ணைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால், எண்ணெய் இருக்கும்பட்சத்தில் மேலே வானவில் மாதிரி ஏடு படரும். ஐந்து நிமிஷ வேலை.

மூக்கருக்குச் சுருக்கென்றது. மூக்கு இருக்கும்போது ஜாடி எதற்கு? "பார்க்கலாம் மேடம். நீங்க சொன்னா பார்த்துடலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அப்படிச் சொன்ன பிறகு யாரும் ஜாடியைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள்.

"வேண்டாம், விடுங்க. காலைல சிமென்ட் ஊத்தித் துளையை அடைச்சுடலாம்."

தையல்காரி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போனாள். தையல் இயந்திரம் தேவைக்கு மேல் சத்தம் போட்டு ஓடத் தொடங்கியது.

சாயங்காலம் வீட்டு வாசலில் மூக்கர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவியின் குரல் வந்தது.

"அந்தச் சட்டையை வெளியிலேயே வாளியில போடுங்க."

"இன்னைக்கு எண்ணெயே கிடையாது. சுத்தமான மண்ணு."

"இன்னைக்குத்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அவர் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். வியர்வை, அதற்கடியில் சோப்பு. "அது ரிக்கு."

"ரிக்கு எனக்குத் தெரியாதா? அது புகை. இது மண்ணெண்ணெய். இத்தனை வருஷமா உங்க சட்டையைத் துவைக்கறது நீங்களா நானா?"

கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமல், "இங்க வரைக்கும் வருதுப்பா" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். அப்பாவை யாராவது மடக்கினால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும்.

மூக்கர் அந்தச் சட்டையோடு வாசலிலேயே நின்றார். ஒரே நாளில் இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், ஒரே வாசனையைச் சொல்கிறார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்: "வேணும்னா எனக்குப் பரீட்சை வச்சுப் பாரேன்."

மகள் பேனாவை மூடினாள்.

சைக்கிள் சங்கிலி துடைப்பதற்காக ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் இருந்தது. அவர் கண்ணைத் துண்டால் கட்டி, சமையலறை மேஜைமுன் உட்காரவைத்தாள். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு முகத்துக்கு நேரே ஒரு டம்ளர் வந்தது.

"இது?"

"தண்ணி."

"இது?"

"தண்ணி."

"இது?"

"இதுவும் தண்ணிதான். மூணையும் தண்ணியா வச்சு ஏமாத்தறியா? இந்தப் பாச்சா என்கிட்ட பலிக்காது."

டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஒவ்வொன்றாக வந்தது. காப்பித்தூள் என்றார், சரி. எலுமிச்சை, சரி. மூடியைத் திறப்பதற்கு முன்பே பெருங்காயம் என்றார். பழைய புத்தகம் என்றார். அது அவள் கல்லூரிப் பாடநூல். எல்லாமே சரி. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறுபடி ஒரு டம்ளர் வந்தது.

"தண்ணி" என்றார்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து மனைவி, "போதும்மா, ஜன்னலைத் திற. தலையை வலிக்குது" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அதைக் கேட்டதும் மூக்கர் துண்டை இழுத்துக் கழற்றினார். மகள் கையில் பிடித்திருந்த டம்ளரில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெய்.

மகள் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.  ஒரே வாசனையிலேயே வருஷக்கணக்கில் இருந்தால் மூக்கு அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாம், மற்றது எல்லாம் நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது என்றாள். பெட்ரோல் பங்கில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டாம். டாக்டரைப் பார்க்கலாம் என்றாள்.

"எப்போலேர்ந்து இருக்கும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? முன்னெல்லாம் வந்ததும் நீங்களே மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு சட்டையைக் கழட்டிப் போடுவீங்க. அப்புறம் நான் சொன்னாத்தான்னு ஆச்சு. சரி, சோம்பேறித்தனம்னு நினைச்சேன்."

அவர் தையல்காரியின் கொல்லையை நினைத்துக்கொண்டார். காலையில் சிமென்ட் ஊற்றிவிடுவார்கள். கோடு கிழித்துவிடுவார்கள். மூன்று வீடும் அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். கேட்டால், முகர்ந்து பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொன்னாரே என்பார்கள்.

மனைவிக்கு அவர் முகம் புரிந்தது. "ஒண்ணு பண்ணுங்க. கொஞ்சம் சந்தேகமா இருக்கு, எதுக்கும் லேபுக்கு அனுப்பிடலாம்னு சொல்லிடுங்க. உங்க வார்த்தைக்கு யாரும் ஏன் எதுக்குன்னு கேக்கப்போறதில்ல. மூக்கு விஷயத்தை எதுக்கு எடுக்கணும்?"

நல்ல யோசனைதான். இந்தக் கிணறு தப்பித்துவிடும், அவரும் தப்பித்துவிடுவார். ஆனால் அடுத்த தெருவில் அடுத்த துளை வரும். அங்கேயும் உறையைக் கீறியதும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே எதைச் சந்தேகப்படுவது, எதை விடுவது? பணிஓய்வுக்கு இன்னும் சில வருஷங்கள் இருந்தன. மூக்கில்லாத மூக்கரை வைத்துக்கொண்டு அலுவலகம் என்ன செய்யும் என்று யோசித்தார். கிடங்குச் சாவியைக் கொடுத்து ஒரு நாற்காலியில் உட்காரவைக்கும். வருகிறவர்கள் நலம் விசாரிப்பார்கள். வெயிலில் நின்று, உறையைக் கீறி, நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க ஒரு வார்த்தை சொல்கிற அந்த இடம் போய்விடும். அவருக்கு அதைவிடப் பிடித்த இடம் வேறு இல்லை.

"சாப்பிட வாங்க" என்றாள் மனைவி. சாப்பாட்டில் இருந்த ஒவ்வொரு வாசனையும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் அன்றைக்கு ஆத்திரமாக இருந்தது.

காலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது ரிக்கார் சிமென்ட் கரைத்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் துளைக்குள் தண்ணீர்மட்டம் அளந்துகொண்டிருந்தாள்.

"சிமென்ட்டை நிறுத்துங்க" என்றார் மூக்கர்.

"நிறுத்தினா இறுகிடும். இறுகினா வாளியோட உங்க தலையிலதான் கவுக்கணும்."

"கவுங்க. இப்ப நிறுத்துங்க."

குளிர்பெட்டியிலிருந்து முந்தின நாள் உறைகளை எடுத்தார். முதல் மீட்டரிலிருந்து ஒரு பிடி, நான்காவது மீட்டரிலிருந்து ஒரு பிடி, இரண்டையும் தனித்தனிக் காகிதத் தட்டில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒரே மணல். ஜன்னல் வழியாகத் தையல்காரியைக் கூப்பிட்டார். அவள் ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டு வந்தாள்.

"இதுல எதும்மா அந்த வாசனை?"

"நேத்து இல்லேன்னீங்க."

"நேத்து சொன்னதை விடுங்க. எது?"

அவள் குனியக்கூட இல்லை. வலதுபக்கத் தட்டை விரலால் சற்றுத் தள்ளினாள். நான்காவது மீட்டர்.

இன்ஜினியர் எழுந்து வந்து, முகமூடியைக் கீழே இறக்கி, தட்டின்மேல் குனிந்தாள். அவள் புருவம் மாறுவதை மூக்கர் பார்த்தார். அவள் ஒரு ஜாடியை எடுத்து, மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வெயிலில் பிடித்தாள். மணல் மெல்லக் கீழே இறங்கியது. மேலே நீலமும் ஊதாவுமாக ஒரு மெல்லிய ஏடு ஜாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, நேத்து எப்படி விட்டீங்க இதை?"

"எனக்கு இந்த வாசனை வரல மேடம்."

"சளியா?"

"இல்ல. மத்ததெல்லாம் வருது. டீசல், மண்ணெண்ணெய் ரெண்டும் வரல. நேத்து வீட்டுல பொண்ணு டம்ளர்ல ஊத்திக் காட்டினா. தண்ணின்னு சொன்னேன்."

ரிக்கார் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, இன்ஜினியர் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைக் கிளறப் போய்விட்டார்.

"எப்போலேர்ந்து?"

"அதுதான் தெரியல."

அவள் ஜாடியைக் கீழே வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போடுவது அவருக்குத் தெரிந்தது. இந்தத் தெரு, இதற்கு முந்தின தெரு, போன வருஷத்து ரயில்பாதையோரம். அவர் சுத்தம் என்று சொல்லிக் கோடு கிழித்த இடங்கள் எல்லாம்.

"கிடங்குல ஜாடி எல்லாம் இருக்கு மேடம். மூடி இறுக்கமாத்தான் போட்டிருக்கேன். ஒவ்வொண்ணா எடுத்து லேபுக்கு அனுப்பிடலாம். எது எந்த வீடுன்னு எனக்கு அத்துப்படி."

"அனுப்பத்தான் வேணும்." கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நிதானமாகவே பேசினாள். "மேல இடத்துக்கு இன்னைக்கே சொல்லிடறேன். உங்க மேல நடவடிக்கை எடுப்பாங்களான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. மணலா களியா, ஈரமா காய்ஞ்சதான்னு நீங்க பார்க்கிற மாதிரி என்னால பார்க்க முடியாது. அதை நீங்க பாருங்க. எண்ணெய் இருக்கு, இல்லைங்கறதை இனிமே நீங்க சொல்லக் கூடாது. யாருமே மூக்கை வச்சுச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஜாடிதான்."

"சரி மேடம்."

"நேத்தே குலுக்கியிருக்கணும்" என்றாள், பாதி தனக்கும் பாதி அவருக்குமாக. "நான் கேட்டேன். கேட்டுட்டு விட்டுட்டேன்."

தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தையல்காரி, "இப்ப தண்ணி குடிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள். "அதை யாராவது சொல்லுங்க."

"கூடாதும்மா" என்றாள் இன்ஜினியர். "கிணத்துத் தண்ணியை இப்பவே எடுத்து அனுப்பறேன். முடிவு வர்ற வரைக்கும் குடிக்க, சமைக்க வேண்டாம். லாரித் தண்ணிக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

தையல்காரி மூக்கரிடம் திரும்பினாள். "நேத்து ராத்திரி குழந்தைங்களுக்கு இந்தத் தண்ணியைத்தான் குடுத்தேன். வாய்கிட்டக் கொண்டுபோனப்போகூட ஒரு மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா இதே வேலையா இருக்கறவர் சொல்லிட்டார், உனக்கு என்ன தெரியும்னு என்னையே நான் அடக்கிக்கிட்டேன்."

  மூக்கரால் முடிந்தது மன்னிப்புக் கேட்பதுதான். கேட்டார். அவள் அதை வாங்கிக்கொண்டதாகவும் தெரியவில்லை, தள்ளியதாகவும் தெரியவில்லை.

"பக்கத்து ரெண்டு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லிடட்டுமா?" என்று இன்ஜினியர் கேட்டாள்.

"நீங்க வேண்டாம்மா, நானும் வேண்டாம். நேத்து சாயங்காலமே ரெண்டு வீட்டுலயும் நல்ல தண்ணின்னு சொல்லிட்டேன், அவர் முகர்ந்து பார்த்துச் சொன்னார்னு. இப்ப நான் போய் இல்லேன்னா, அவரே சொன்னாரே, உனக்கு என்னன்னு கேப்பாங்க." அவள் மூக்கரைப் பார்த்தாள். "நீங்கதான் சொன்னீங்க. நீங்களே வந்து சொல்லுங்க அண்ணே."

சார் எப்போது அண்ணன் ஆனார் என்று அவர் கவனித்தார். அதில் கனிவு எதுவும் இல்லை. தப்பிக்க வழியில்லாத இடத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துகிற சொல்லாக இருந்தது.

கையுறைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். இருவரும் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். உள்ளே குடத்தில் தண்ணீர் நிறைகிற சத்தம் கேட்டது. தையல்காரி கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஒரு நடுவயதுக்காரர் ஈரக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"மண்ணு பார்க்க வந்தவன். நேத்து இவங்க கொல்லையில நல்லா இருக்குன்னு சொன்னது நான்தான்."

"ஆமா, சொன்னாங்க. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு."

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் மூக்கர். "முதல்ல அந்தக் குழாயை மூடுங்க. சொல்றேன்."